கையேட்டைப் பின்பக்கத்திலிருந்து திறங்கள்: சமூகத்தள மென்பொருள் கற்கும் முறை

ட்ரூபல், பிஎச்பிபிபி, ஜூம்லா, வேர்ட்பிரஸ் மேல் ஏறும் பட்டிபிரஸ் என்று, உறுப்பினர்கள் சேர்ந்து பேசும் தளத்தை அமைக்கும் மென்பொருள்களுக்குத் தொடக்கநிலைக் கையேடுகள் ஏராளம். அநேகமாக எல்லாமே ஒரே தடத்தில் போகும். முதலில் நிறுவுதல், பிறகு முதல் பக்கம், தீம் என்ற வெளித்தோற்றம், மாட்யூல்கள் என்ற கூடுதல் துணைநிரல்கள். புத்தகம் முடியப்போகும் நேரத்தில் அவசர அவசரமாகப் பயனர் அனுமதி, ஸ்பேம், பேக்கப்.

படிக்க உற்சாகமான வரிசைதான். ஆனால் நாலு பேர் வந்து பேசப்போகும் தளத்துக்கு உயிர்நாடி அந்தக் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. தீம் சுமாராக இருந்தால் யாரும் ஓடிவிடுவதில்லை. பதிவு செய்தவருக்கு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போகாவிட்டால் அவர் மறுபடி எட்டிப்பார்க்க மாட்டார். மட்டுறுத்துநர்களுக்கு (உரையாடலைக் கண்காணிப்பவர்களுக்கு) மட்டும் என்று வைத்த பிரிவு விருந்தினர் கண்ணில் பட்டுவிட்டால் போன நம்பிக்கை திரும்பாது. அதனால் கையேட்டை எழுதியவர் வைத்த வரிசையில் படிக்க வேண்டாம். எந்த வரிசையில் படிப்பது, எங்கெங்கே தடுக்கும், ஏன் தடுக்கும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

முதலில் அட்டையில் உள்ள பதிப்பு எண்

இந்த மென்பொருள்கள் மாறும் வேகத்துக்குப் புத்தகங்கள் ஈடுகொடுப்பதில்லை. எல்லா அத்தியாயமும் ஒரே அளவில் பழசாவதும் இல்லை.

ட்ரூபல் 7 வந்தது 2011 ஜனவரியில். அதற்கான ஆதரவு 2025 ஜனவரி 5 அன்று முடிந்துவிட்டது. 2015 நவம்பரில் வந்த ட்ரூபல் 8, சிம்ஃபோனி என்ற கட்டமைப்பின் மேல் புதிதாக எழுதப்பட்டது. பக்க வார்ப்புருக்கள் ட்விக் என்ற மொழிக்கு மாறின. பட்டியல்கள் அமைக்கும் வியூஸ் மாட்யூல் மையத்துக்குள்ளேயே, அதாவது மூல மென்பொருளுக்குள்ளேயே, வந்துவிட்டது. எனவே ட்ரூபல் 7 புத்தகத்தின் தீம் அத்தியாயமும் மாட்யூல் எழுதும் அத்தியாயமும் இன்று உதவாது. ட்ரூபல் 8 புத்தகம் கையில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். 9, 10, 11 ஆகியவை அதே அடித்தளத்தில் பழைய குறிமுறையைக் களைந்துகொண்டே வளர்ந்தவை. தளம் அமைக்கும் பகுதிகள் பெரும்பாலும் பொருந்தும். ஒரு விதிவிலக்கு உண்டு. 2024 ஆகஸ்ட்டில் வந்த ட்ரூபல் 11, ஃபோரம், புக் ஆகிய மாட்யூல்களை மையத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டது. "ஃபோரம் மாட்யூலை டிக் செய்யவும்" என்று புத்தகம் சொல்லும்; பட்டியலில் அது இருக்காது. தனியாகத் தரவிறக்கிச் சேர்க்க வேண்டும்.

பிஎச்பிபிபியில் கோடு 2014-இல் விழுகிறது. அந்த ஆண்டு வந்த 3.1 பதிப்பு எக்ஸ்டென்ஷன் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய 3.0 புத்தகங்கள், மூலக் கோப்பைத் திறந்து இந்த வரிக்குக் கீழே இதை ஒட்டு என்று சொல்லிக்கொடுக்கும். அந்த அத்தியாயங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். அதே புத்தகத்தின் அனுமதி அத்தியாயம் மட்டும் இன்றும் அப்படியே செல்லும். ஜூம்லா 1.5 புத்தகத்தில் வரும் "செக்ஷன், கேட்டகரி" என்ற ஈரடுக்கு ஏற்பாடு 1.6-லேயே போய்விட்டது, இப்போது கேட்டகரிக்குள் கேட்டகரி, எத்தனை அடுக்கு வேண்டுமானாலும். வேர்ட்பிரஸில் 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு பிளாக் எடிட்டரைக் கொண்டுவந்தது. அதற்கு முன் அச்சான புத்தகத்தில் எழுதும் திரையின் படங்கள் எதுவும் ஒத்துப்போகாது.

இங்கே ஒரு சபலம் வரும்: புத்தகத்தோடு ஒத்துப்போகும் பழைய பதிப்பையே தேடி நிறுவிவிட்டால் என்ன? அது ஓடாது. இந்த மென்பொருள்கள் எழுதப்பட்ட மொழி பிஎச்பி. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸோடு இணைக்கப் பழைய பதிப்புகள் நம்பியிருந்த செயற்கூறுகள் பிஎச்பி 7.0-இல் நீக்கப்பட்டன, வேறு சில செயற்கூறுகள் 8.0-இல் போயின. புதிய பிஎச்பியில் பழைய தளத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கம்தான் கிடைக்கும். பழைய பிஎச்பியையும் தேடிப் பிடித்து ஓடவைத்தால், செத்துப்போன ஒன்றை முழுமூச்சாகக் கற்றிருப்பீர்கள். ஆதரவில் உள்ள புதிய பதிப்பை நிறுவுங்கள். ட்ரூபல் 10-க்கு பிஎச்பி 8.1-ஆவது வேண்டும், 11-க்கு 8.3. புத்தகத்தைக் கருத்துகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் வாங்கும் முன் பின்னால் உள்ள சொல்லடைவைப் புரட்டுங்கள். அனுமதி, ரோல், பேக்கப், மேம்படுத்தல், ஸ்பேம் ஆகிய சொற்களுக்கு எத்தனை பக்க எண்கள் இருக்கின்றன என்று பார்த்தால் போதும். தீமுக்கு அறுபது பக்கம், அனுமதிக்கு மூன்று பக்கம் என்றால் அது அழகான முகப்புப் பக்கம் செய்யச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம். அது வேறு வேலை.

பயிற்சிக்கூடம்

ஆரம்பத்திலேயே வாடகை சர்வர் வேண்டாம். உங்கள் கணினியிலேயே தொடங்குங்கள். ஸாம்ப் தொகுப்பில் அப்பாச்சி என்ற வலை சர்வர், மரியாடிபி என்ற டேட்டாபேஸ், பிஎச்பி மூன்றும் சேர்ந்து வரும். பிஎச்பிபிபிக்கும் வேர்ட்பிரஸுக்கும் அது போதும். ட்ரூபலுக்கு, நிரல்களைத் தனித்தனிப் பெட்டியில் ஓடவைக்கும் டாக்கர் மேல் ஓடும் டிடெவ் என்ற கருவி வசதியானது. ஒவ்வொரு தளத்துக்கும் தனி பிஎச்பி பதிப்பு வைக்கலாம், கெட்டுப்போனால் நொடியில் அழித்துவிட்டு மறுபடி எழுப்பலாம்.

ஸாம்பில் முதல் இடறல், அப்பாச்சி தொடங்க மறுப்பது. பெரும்பாலும் 80-ஆம் போர்ட்டை வேறொரு நிரல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நிரலை நிறுத்துங்கள், அல்லது அப்பாச்சியை 8080-க்கு மாற்றுங்கள். மாற்றினால் முகவரியிலும் அந்த எண்ணைச் சேர்த்தே திறக்க வேண்டும். டேட்டாபேஸ் தொடங்காவிட்டால் இதே கதை 3306-ஆம் போர்ட்டில்.

டேட்டாபேஸை உருவாக்கும்போது எழுத்துமுறையைக் கவனிக்காமல் விடக்கூடாது. பழைய கையேடுகள் 'லத்தீன்1' என்றோ 'யுடிஎஃப்8' என்றோ சொல்லியிருக்கும். லத்தீன்1-இல் தமிழ் எழுதினால் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். பிறகு எழுத்துமுறையை மாற்றினாலும் மூல எழுத்து திரும்ப வராது. மைஎஸ்கியூஎல்லின் பழைய யுடிஎஃப்8 ஓர் எழுத்துக்குறிக்கு அதிகபட்சம் 3 பைட் தரும். தமிழ் எழுத்துக்குறிகள் சரியாக 3 பைட் என்பதால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். யாராவது ஒரு எமோஜி போடுவார், அதற்கு 4 பைட். அந்த இடத்திலேயே பதிவு அறுந்துபோகும், இல்லையென்றால் பிழை வரும். 'யுடிஎஃப்8எம்பி4' என்று தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தமிழில் எழுதும் தளத்துக்கு எந்தக் கையேடும் சொல்லாத இன்னொரு சங்கதி. வேர்ட்பிரஸ் பதிவின் முகவரிப் பகுதிக்கு 200 குறி வரை இடம் ஒதுக்கியிருக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் முகவரியில் 9 குறியாக விரியும். 'கி' என்பதே 'க', இகரக் குறி என்று இரண்டு குறி. கணக்குப் போட்டால் 22 குறிக்கு மேல் இடமில்லை. நீளமான தலைப்பு வைத்தால் முகவரி பாதியில் வெட்டுப்படும். பதிவை வெளியிடும் முன்பே முகவரியைக் கையால் சுருக்கிவிடுங்கள்.

நிறுவும்போதே பிஎச்பி அமைப்புக் கோப்பில் மூன்று எண்களைப் பார்த்துவிடுங்கள். இயல்பாகக் கோப்பு ஏற்றும் வரம்பு 2 எம்பி, ஒரு படிவம் அனுப்பும் மொத்த வரம்பு 8 எம்பி, நினைவக வரம்பு 128 எம்பி. கைப்பேசியில் எடுத்த படம் 2 எம்பியைச் சுலபமாகத் தாண்டும். மென்பொருளின் அமைப்பில் 10 எம்பி என்று போட்டுவிட்டு ஏன் ஏறவில்லை என்று திகைப்பவர்கள் அதிகம். பிஎச்பியின் வரம்பு அதற்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. முதலிரண்டு எண்களையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். உயர்த்தியபின் அப்பாச்சியை நிறுத்தித் தொடங்காவிட்டால் ஒன்றும் மாறாது.

படிக்கும் வரிசை

நிறுவும் அத்தியாயம் முடிந்ததும் நேராக அனுமதி அத்தியாயத்துக்குப் போங்கள். பிறகு உறுப்பினர் பதிவும் மின்னஞ்சலும். அடுத்து பேக்கப்பும் மீட்டெடுப்பும். இதை இவ்வளவு முன்னால் வைப்பதற்குக் காரணம், மீட்டெடுக்கத் தெரிந்தவர் கைகூசாமல் எதையும் உடைத்துப் பார்க்கலாம் என்பதே. அதற்குப் பின் உள்ளடக்க அமைப்பு, ஸ்பேம், மட்டுறுத்தல். தீம் அதற்கப்புறம். மாட்யூல், ப்ளக்இன் அத்தியாயம் கடைசி.

புத்தகத்தின் எடுத்துக்காட்டுத் தளத்தை அப்படியே கட்டாதீர்கள். ஏதாவது ஒரு சிறிய சமூகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: சதுரங்கக் கழகமோ வாசகர் வட்டமோ. புத்தகம் சொல்லும் ஒவ்வொன்றையும் அதற்குப் பொருத்திச் செய்யுங்கள். அச்சிட்ட பெயர்களை அப்படியே தட்டச்சிடும்போது கை நகரும், மூளை தூங்கும். பெயரையும் தேவையையும் நீங்களே மாற்றும்போதுதான் "இது எதற்கு?" என்ற கேள்வி எழும்.

பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். இடப்பக்கம் புத்தகத்தில் இருப்பது, வலப்பக்கம் இப்போது திரையில் இருப்பது. எடுத்துக்காட்டாக, ட்ரூபல் 6 புத்தகத்தில் "அட்மினிஸ்டர், சைட் பில்டிங், பிளாக்ஸ்" என்று வருவது இப்போது "ஸ்ட்ரக்சர், பிளாக் லேஅவுட்". "சிசிகே மாட்யூலை நிறுவவும்" என்ற வரி வந்தால், அது 7-ஆம் பதிப்பிலேயே 'ஃபீல்ட்ஸ்' என்ற பெயரில் மையத்துக்குள் வந்துவிட்டது. ஐந்தாறு அத்தியாயம் போனதும் மெனுப் பெயர்கள் எப்படி இடம்பெயர்கின்றன என்று பிடிபட்டுவிடும். பிறகு குறிப்பேட்டைத் திறக்கும் தேவை குறையும்.

ட்ரூபல் படிப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பழைய கையேடுகள் மாட்யூலை அமுக்கிய கோப்பாக இறக்கி, கோப்புறைக்குள் விரித்துப் போடச் சொல்லும். இப்போது கம்போசர் என்ற கருவி வழியாகச் சேர்ப்பதே முறை. கம்போசரில் தொடங்கிய தளத்தில் இடையிடையே கையால் மாட்யூல் திணித்தால், அது சார்ந்திருக்கும் நூலகங்கள் வராது. அடுத்த மேம்படுத்தலில் கம்போசருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. ஏதாவது ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

அனுமதி: இங்கே நிதானம்

கற்பவர் எப்போதும் நிர்வாகியாகவே உள்நுழைந்திருப்பார். நிர்வாகிக்கு எல்லாம் தெரியும், எல்லாம் வேலை செய்யும். ட்ரூபலில் முதன்முதலாக உருவாகும் 1-ஆம் எண் பயனருக்கு அனுமதிச் சோதனையே கிடையாது. எந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறது என்று மென்பொருள் பார்ப்பதே இல்லை. அந்தக் கணக்கிலிருந்து பார்த்து "சரியாக இருக்கிறது" என்று முடிவுசெய்தால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை.

அதனால் நான்கு சாளரங்கள் வேண்டும். ஒரு உலாவியில் நிர்வாகி, இன்னொன்றில் மட்டுறுத்துநர், மூன்றாவதில் சாதாரண உறுப்பினர், தனிமறைச் சாளரத்தில் விருந்தினர். ஒரே உலாவியில் இரண்டு தாவல் திறந்தால், யார் உள்நுழைந்திருக்கிறார் என்று உலாவி வைத்திருக்கும் குறிப்பான குக்கி இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். இரண்டிலும் ஒரே ஆள்தான் இருப்பார். எந்த அமைப்பை மாற்றினாலும் நான்கையும் புதுப்பித்துப் பாருங்கள். பிஎச்பிபிபியின் நிர்வாகப் பகுதியில், ஓர் உறுப்பினரின் அனுமதியைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டு தளத்தைச் சுற்றிப்பார்க்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. ட்ரூபலில் மாஸ்கரேட் என்ற மாட்யூல் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது.

பிஎச்பிபிபியில் ஒவ்வொரு அனுமதிக்கும் மூன்று நிலை: ஆம், இல்லை, ஒருபோதும் இல்லை. ஒருவர் பல குழுக்களில் இருப்பார். அவர் இருக்கும் குழுக்களில் ஏதாவது ஒன்றில் 'ஆம்' இருந்தால் அனுமதி உண்டு. எங்குமே 'ஆம்' இல்லையென்றால் கிடையாது. எங்காவது ஓரிடத்தில் 'ஒருபோதும் இல்லை' இருந்தால், மற்ற இடங்களில் எத்தனை 'ஆம்' இருந்தாலும் அது எல்லாவற்றையும் அடித்துவிடும்.

செய்தே பாருங்கள். "அறிவிப்புகள்" என்று ஒரு பிரிவு. மட்டுறுத்துநர் மட்டும் புதிய இழை (ஒரு தலைப்பில் நடக்கும் உரையாடல்) தொடங்கலாம், மற்றவர்கள் மறுமொழி இடலாம். பிரிவை உருவாக்கும் படிவத்தில் வகையைக் கவனியுங்கள். 'கேட்டகரி' என்று விட்டால் அதற்குள் யாரும் எழுத முடியாது. 'ஃபோரம்' என்று இருக்க வேண்டும். அதே படிவத்தில் வேறொரு பிரிவிலிருந்து அனுமதியை நகலெடுக்கும் பெட்டி இருக்கிறது. அதைக் காலியாக விட்டால் புதிய பிரிவுக்கு எந்தக் குழுவுக்கும் அனுமதி இருக்காது, பிரிவு உறுப்பினர் கண்ணுக்கே தெரியாது. "பிரிவை உருவாக்கினேன், காணவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி, பதிவுசெய்த உறுப்பினர் குழுவுக்கு விரிவான அனுமதிகளைத் திறந்து, புதிய இழை தொடங்கும் அனுமதியை மாற்ற வேண்டும். தடுக்கத்தானே வேண்டும் என்று 'ஒருபோதும் இல்லை' போடக் கை போகும். போட்டுப் பாருங்கள், மட்டுறுத்துநர் சாளரத்திலும் 'புதிய இழை' பொத்தான் காணாமல் போகும். மட்டுறுத்துநரும் பதிவுசெய்த உறுப்பினர் குழுவில் இருக்கிறார், அங்கே விழுந்த தடை, அவருடைய மட்டுறுத்துநர் குழு தரும் 'ஆம்' என்பதை விழுங்கிவிடுகிறது. 'இல்லை' என்று மாற்றி, மட்டுறுத்துநர் குழுவுக்கு அந்தப் பிரிவில் 'ஆம்' கொடுங்கள். பொத்தான் திரும்பி வரும். 'ஒருபோதும் இல்லை' என்பதை யாரையாவது குறிப்பாக முடக்கும் தேவைக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். இந்த ஒரு பயிற்சியை இரண்டு முறை செய்தவருக்கு அனுமதி அத்தியாயத்தின் மீதி தானாகப் புரியும்.

ட்ரூபலின் முறை வேறு. அங்கே மறுக்கும் நிலை கிடையாது. எல்லாம் டிக் போட்டுத் தருவதுதான். நெடுக்கில் ரோல்கள் என்ற பயனர் வகைகள், கிடக்கையில் நூற்றுக்கும் மேல் போகக்கூடிய அனுமதிகள். உள்நுழைந்த எல்லாருக்கும் என்ற ரோலுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதற்கு மேலுள்ள எந்த ரோலிலிருந்தும் அதைப் பிடுங்க முடியாது. ஆகவே அந்த ரோலுக்குக் குறைவாகக் கொடுத்து, கூடுதலை மற்ற ரோல்களில் வையுங்கள். எழுத்து வடிவங்களில் 'ஃபுல் எச்டிஎம்எல்' என்பதைச் சாதாரண உறுப்பினருக்குத் திறந்துவிடாதீர்கள். பதிவுக்குள் ஸ்கிரிப்ட் புதைத்து நிர்வாகியின் கணக்கையே பறிக்க அது வழிவிடும். படம் போட முடியவில்லை என்று யாராவது கேட்டால், கட்டுப்படுத்திய வடிவத்தில் படத்துக்கான குறிச்சொல்லை மட்டும் சேர்த்தால் போதும்.

டிஸ்கோர்ஸ் மூன்றாவது வழியைப் பிடிக்கிறது. 2013-இல் வந்த அந்த மென்பொருளில் 0 முதல் 4 வரை நம்பிக்கைப் படிகள். 5 இழைகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, 10 நிமிடம் வாசித்தால் புதியவர் 1-ஆம் படிக்கு ஏறிவிடுவார். நிர்வாகி உட்கார்ந்து அனுமதி வழங்க வேண்டியதில்லை. சிறிய அணிக்கு இது பெரிய நிம்மதி. எல்லாம் தன் கைக்குள் வேண்டும் என்பவருக்கு எரிச்சல்.

மின்னஞ்சல்

உங்கள் கணினியில் ஓடும் தளத்திலிருந்து மின்னஞ்சல் வெளியே போகாது. உறுப்பினர் பதிவைச் சோதிக்கும்போது உறுதிப்படுத்தும் இணைப்பு வராமல் விழிப்பீர்கள். மெயில்பிட் போன்ற பொறியை வைத்தால், தளம் அனுப்பும் எல்லா அஞ்சலையும் பிடித்து உலாவியிலேயே காட்டும். டிடெவ்வில் அது கூடவே வருகிறது. எந்தெந்தச் செயலுக்கு என்னென்ன வாசகத்தோடு அஞ்சல் போகிறது என்று ஒரு முறை எல்லாவற்றையும் படித்துவிடுங்கள். இயல்பு வாசகங்கள் வறண்டு கிடக்கும். உறுப்பினர் முதன்முதலில் படிப்பது அதைத்தான்.

அஞ்சல் வந்தும் உறுப்பினர் நுழைய முடியவில்லை என்றால் பதிவுக் கொள்கையைப் பாருங்கள். ட்ரூபலின் வழக்கமான நிறுவலில், யாரும் பதியலாம், ஆனால் நிர்வாகி ஒப்புதல் தர வேண்டும் என்றுதான் இருக்கும்.

உண்மையான சர்வருக்குப் போனதும் பிஎச்பியின் இயல்பான அஞ்சல் வசதியை நம்ப வேண்டாம். எஸ்எம்டிபி என்ற தனி அஞ்சல் சேவை வழியாக, 587-ஆம் போர்ட்டில், கடவுச்சொல்லோடு அனுப்புங்கள். அஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்து வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் டொமைனின் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. இல்லாவிட்டால் உங்கள் அஞ்சல் குப்பைக்குப் போகும், அல்லது வாசலிலேயே திருப்பப்படும். டிஸ்கோர்ஸில் இது இன்னும் கடுமை. அஞ்சல் வேலை செய்யாவிட்டால் முதல் நிர்வாகிக் கணக்கைச் செயல்படுத்துவதே சிக்கலாகிவிடும். தவிர அது டாக்கரில் ஓடுவது, குறைந்தது 1 ஜிபி ரேம் கேட்பது. பலர் பங்கிடும் மலிவு ஹோஸ்டிங்கில் ஏறாது.

பேக்கப் என்றால் மூன்று

டேட்டாபேஸ் ஒன்று, உறுப்பினர்கள் ஏற்றிய கோப்புகள் இரண்டு, அமைப்புக் கோப்பு மூன்று. டேட்டாபேஸை மட்டும் எடுத்துவைத்தவர்கள் மீட்டெடுத்த பிறகுதான் எல்லாப் படங்களும் உடைந்திருப்பதைப் பார்ப்பார்கள். பிஎச்பிபிபியில் 'ஃபைல்ஸ்' கோப்புறை, உறுப்பினர் படங்கள் இருக்கும் கோப்புறை, எக்ஸ்டென்ஷன்கள், ஸ்டைல்கள், 'கான்ஃபிக்' கோப்பு. ட்ரூபலில் 'சைட்ஸ்' கோப்புறைக்குள் 'டிஃபால்ட்', அதற்குள் இருக்கும் 'ஃபைல்ஸ்' கோப்புறையும் 'செட்டிங்ஸ்' கோப்பும்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன் டேட்டாபேஸை ஏற்றுமதி செய்து, கோப்பின் பெயரில் அத்தியாய எண்ணைப் போடுங்கள். அத்தியாயம் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பி, புத்தகத்தை மூடிவைத்து, அதையே மறுபடி செய்யுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்தப் பத்தியை மட்டும் திரும்பப் படித்தால் போதும். மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வழக்கமாக உடையும் இடங்கள்

முகப்பு திறக்கிறது, உள்ளே எந்த இணைப்பைத் தொட்டாலும் 404. இதற்குக் காரணம் முகவரி மாற்றி எழுதும் அப்பாச்சி வசதி. புள்ளியில் தொடங்கும் 'எச்டிஅக்ஸஸ்' கோப்பு மறைந்த கோப்பு. தளத்தை இடம் மாற்றும்போது அதை நகலெடுக்க மறந்திருப்பீர்கள். கோப்பு இருந்தும் இதே நிலை என்றால், அந்தக் கோப்புறைக்கு அப்பாச்சியில் 'அலவ்ஓவர்ரைடு' என்பது 'நன்' என்று இருக்கும். 'ஆல்' என்று மாற்றுங்கள்.

வெள்ளைப் பக்கம் வந்தால் ஊகிக்காதீர்கள். அப்பாச்சியின் பிழைப் பதிவேட்டின் கடைசி நான்கு வரிகளைப் படியுங்கள். நினைவகம் தீர்ந்ததா, இல்லாத செயற்கூறு அழைக்கப்பட்டதா, எந்தக் கோப்பில் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

பிஎச்பிபிபியை நிறுவி முடித்ததும் 'இன்ஸ்டால்' கோப்புறையை அழிக்காவிட்டால் தளம் உறுப்பினர்களுக்குத் திறக்காது. உள்ளூர்க் கணினியிலிருந்து உண்மையான டொமைனுக்கு மாற்றியபின், சரியான கடவுச்சொல் போட்டாலும் உள்நுழைவு நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தால் குக்கி டொமைன் பழைய பெயரிலேயே இருக்கிறது என்று பொருள். நிர்வாகப் பகுதிக்குள்ளும் போக முடியாது. டேட்டாபேஸின் 'கான்ஃபிக்' அட்டவணையில் குக்கி டொமைனையும் சர்வர் பெயரையும் கையால் திருத்துங்கள். திருத்தினாலும் மாறவில்லையே என்றால், கேஷ் (தற்காலிக நகல்கள்) கோப்புறைக்குள் உள்ள 'புரொடக்ஷன்' கோப்புறையை அழியுங்கள்; அமைப்புகளின் நகல் அங்கே இருக்கிறது. வேர்ட்பிரஸில் இதே இடமாற்றத்துக்கு டேட்டாபேஸ் கோப்பை எடிட்டரில் திறந்து பழைய முகவரியைத் தேடி மாற்றக்கூடாது. சில அமைப்புகள் எழுத்து நீளத்தோடு சேர்த்துச் சேமிக்கப்படுகின்றன. முகவரியின் நீளம் மாறினால் அவை படிக்க முடியாமல் போகும். டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் தேடி மாற்றும் கட்டளை அந்த நீளத்தையும் திருத்திவிடும்.

கோப்புறைகளுக்கெல்லாம் 777 அனுமதி (யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது) கொடு என்று பழைய புத்தகம் சொன்னால் கேட்காதீர்கள். கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644. சர்வர் எழுத வேண்டிய ஒருசில கோப்புறைகளுக்கு மட்டும் எழுதும் உரிமை.

ஆட்கள் வரும் முன்

பிரிவுகள் மூன்று அல்லது நான்கு போதும். இருபது பிரிவு திறந்து பதினாறு காலியாகக் கிடந்தால் வருபவருக்கு ஊரே காலியான தோற்றம். ஒரு பிரிவில் இழைகள் குவிந்து கலக்கும்போது பிரித்துக்கொள்ளலாம். நகர்த்தும் கருவி இருக்கிறது.

தளம் இணையத்தில் ஏறியதும் மனிதர்களுக்கு முன்னால் பாட்கள் என்ற தானியங்கி நிரல்கள் வந்துவிடும். பிஎச்பிபிபியில் பதிவுப் படிவத்துக்குச் சொந்தக் கேள்வி வைக்கும் முறை இருக்கிறது. உங்கள் சமூகத்துக்கு மட்டும் எளிதான கேள்வியாக, தமிழில், வையுங்கள். கூட்டல், கழித்தல் கேள்வி வேண்டாம், அதைப் பாட்கள் போட்டுவிடும். புதியவர்களின் முதல் சில பதிவுகளை ஒப்புதல் வரிசைக்கு அனுப்பும் குழு அதிலேயே தயாராக உண்டு. ட்ரூபலில் ஹனிபாட் மாட்யூல், வேர்ட்பிரஸில் அகிஸ்மெட்.

மட்டுறுத்தும் வேலைகளை ஒத்திகை பாருங்கள். ஓர் இழையை இரண்டாகப் பிரிப்பது, இரண்டை ஒன்றாக்குவது, பூட்டுவது, எச்சரிக்கை தருவது, தடை செய்வது. ஐபி முகவரியை வைத்துத் தடை செய்ய அவசரப்பட வேண்டாம். கைப்பேசி இணையத்தில் ஒரே பொது முகவரியை ஏராளமானோர் பகிர்கிறார்கள். ஒரு வம்புக்காரரைத் தடுக்கப் போய் நல்ல உறுப்பினர்களும் வெளியே நிற்பார்கள்.

உறுப்பினரை நீக்குவதைப் பேக்கப் நகலில் மட்டும் பழகுங்கள். ட்ரூபல் நான்கு வழி கேட்கும்: கணக்கை முடக்கிப் பதிவுகளை வைத்திருப்பது, முடக்கிப் பதிவுகளை மறைப்பது, கணக்கை அழித்துப் பதிவுகளைப் பெயரற்றவர் பேரில் மாற்றுவது, இரண்டையும் அழிப்பது. பிஎச்பிபிபியில் பதிவுகளை வைத்திருக்கவா அழிக்கவா என்று இரண்டே வழி. பழைய உறுப்பினர் ஒருவரின் பதிவுகளை எல்லாம் அழித்தால் அவர் தொடங்கிய உரையாடல்கள் தலையில்லாமல் போகும். மற்றவர்கள் எழுதியது அர்த்தம் இழக்கும். எந்த வழி என்பதை முன்பே முடிவு செய்து, தளத்தின் விதிமுறைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். யாராவது கோபமாக "என் கணக்கை நீக்கு" என்று எழுதும் நேரத்தில் யோசிக்க உட்கார்ந்தால் தாமதம்.

இதெல்லாம் ஆனபின் தீம் அத்தியாயத்தைத் திறக்கலாம். அங்கே ஒரே ஒரு விதி: மென்பொருளோடு வந்த தீமின் கோப்புகளை நேரடியாகத் திருத்தாதீர்கள். அடுத்த மேம்படுத்தல் அவற்றின் மேல் எழுதிவிடும். வேர்ட்பிரஸில் சைல்டு தீம், ஜூம்லாவில் சைல்டு டெம்ப்ளேட், ட்ரூபலில் சப்-தீம், பிஎச்பிபிபியில் அதோடு வரும் புரோசில்வரை அடிப்படையாகக் கொண்ட தனி ஸ்டைல். மாற்றம் அங்கே இருக்கட்டும். மூலம் தொடப்படாமல் கிடக்கட்டும்.